ஒப்பீட்டுக்கு ஒரு குப்பம்

மே மாதத்தில் எனக்கு மோர் சேராது. குடித்தால் அன்று மாலையே தொண்டை கட்டிவிடும். அதனால்தான் நீங்கள் நீட்டிய டம்ளரை வாங்கவில்லை, தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காவல் நிலையத்துக்கு வந்தவனை உட்காரவைத்து மோர் கொடுக்கும் ஆய்வாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. மேஜைமேல் சில்வியா என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும், உங்களிடம் நிதானமாகப் பேசலாம் என்று தோன்றியது.

நான் ஜெகதீசன். வட்டாரக் காலநிலை மாதிரிகளைக் கணினியில் ஓட்டுவது என் தொழில். இப்போது குடியிருப்பது எம்.கே.பி. நகரில். பிறந்தது திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலை ஒட்டிய மேட்டுக்குப்பத்தில். என்னை யாரும் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை, ஷேர் ஆட்டோ ஏறி நானாகத்தான் வந்தேன். என் அம்மாவின் தங்கை மங்கம்மா போன வாரம் இறால் உரிக்கும் கொட்டகையில் செத்துப்போனாள். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். அது தப்பு. அவள் வெயிலால் செத்தாள். அந்த வார்த்தையைத் திருத்த வேண்டும், நான் வந்தது அதற்காகத்தான். திருத்துவதற்கு நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும் என்றால் சொல்கிறேன். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றதைக் கேட்டால் என்னை ஏதோ மனநிலை சரியில்லாதவன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். உலகம் முழுவதற்கும் கணக்குப் போடும் பெரிய மாதிரிகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சென்னை என்பது ஒரே ஒரு கட்டம். புளியந்தோப்பும் பூந்தமல்லியும் கோவளமும் ஒரே வெயிலில் காய்வதாக அவை நினைத்துக்கொள்ளும். வட்டார மாதிரி அந்தக் கட்டத்தை எடுத்துச் சின்னச் சின்னதாக நறுக்கும். ஒவ்வொரு துண்டிலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தரை எவ்வளவு சுடுகிறது, கடல் எவ்வளவு தூரம் என்று தனித்தனியாகப் பார்த்து, முப்பது வருடம் கழித்து அந்த இடத்தின் கோடை எவ்வளவு ஏறும் என்று சொல்லும். கிளி ஜோசியம் இல்லை. இயற்பியல்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால், கட்டம் முழுவதையும் கடல் என்று வைத்துக்கொள்வார்கள். கணக்குக்கு அது வசதி. சென்னைக்காக ஓட்டிய மற்ற மாதிரிகள் எல்லாவற்றிலும் எங்கள் குப்பம் அப்படித்தான் கடலுக்குள் கிடந்தது. எங்கள் குப்பம் மட்டுமில்லை, வரிசையாக நான்கு குப்பங்கள். அவற்றின் முதுகில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் உறுமிக்கொண்டு நிற்கும் சாலை, எண்ணெய் நாற்றம், சாம்பல், தகரக் கூரை. இத்தனையும் அவர்களுக்குத் தண்ணீர். கடல் அவ்வளவு சீக்கிரத்தில் சூடாகாது. ஆகவே எங்கள் ஊரில் வருங்காலக் கோடை கொஞ்சம்தான் ஏறும் என்று அறிக்கைகளில் இளநீலம் பூசிக் காட்டினார்கள். அங்கே வசிப்பவர்களை மீன் என்று நினைத்தார்களோ என்னவோ.

நான் கட்டத்தை மேலும் சிறிதாக நறுக்கினேன். கணினி வாரக்கணக்கில் ஓடியது. கட்டம் சிறிதானதும் எங்கள் ஊர் கரையேறியது, கரையேறிய ஊரின் கணக்கே வேறாக இருந்தது. கடற்காற்று உள்ளே வருவது இன்னும் பிந்தும், மதிய வெயில் உச்சியிலேயே நிற்கும், ராத்திரியிலும் சூடு இறங்காது, காற்றில் ஈரம் மட்டும் குறையாது. மற்ற மாதிரிகள் சொன்ன உயர்வைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த எண்ணைத் திரையில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. நம்புங்கள், அன்று எனக்கு எங்கள் ஜனங்களின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

சென்னைக்கான காலநிலை அறிக்கையைத் தொகுத்தவர் முனைவர் ராமசெல்வி. தூத்துக்குடிப் பக்கத்து மளிகை வியாபாரக் குடும்பம், குரலை உயர்த்தியே பேசாத மனுஷி. அவரைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அடித்துவிடவும் செய்யலாம்.

"ஜெகதீசன், உங்க மாடல் ரொம்பச் சூடா ஓடுது. மத்ததெல்லாம் ஒரு பக்கம் நிக்கும்போது இது மட்டும் தனியா நிக்கி" என்றார்.

"மத்ததுல எங்க ஊரே இல்ல மேடம். கடல்தான் இருக்கு."

"அது எனக்கும் தெரியுது. ஆனா நீங்க சொல்ற அளவுக்கு வெயில் ஆளைத் தாக்குதுன்னா, களத்துல அதுக்கு ஒரு அடையாளம் வேணும்லா? அந்த நாலு குப்பத்துலயும் வெயிலால ஒரு சாவுகூடப் பதிவாகல. இப்பவே ஒண்ணும் இல்லாத ஊர்ல நாளைக்கு இவ்வளவு ஆபத்துன்னு போட்டா, யாரு ஒத்துக்குவா?"

என் கணக்கை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஊரைக் கடலில் தள்ளினால் அதற்குப் பெயர் கருத்தொற்றுமை. ஒருவன் அதைக் கரைக்கு இழுத்துப் போட்டால் அவன் தனியாக நிற்கிறான். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

படித்தவர்கள்தான் இப்படி, நம் ஜனங்களிடம் போவோம் என்று குப்பத்துக்குப் போனேன். மாதா கோவில் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் திரை கட்டி, சிவப்பும் ஆரஞ்சுமாக வரைபடம் காட்டினேன். கடலுக்குப் போய்வந்த களைப்பிலும் ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்து நிர்வாகி ரகுபதி முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்தேன். அப்போது பின்னாலிருந்து என் சின்னம்மாவின் குரல்தான் முதலில் வந்தது.

"இன்னா நைனா, முப்பது வர்சம் கழிச்சி வர்ற வெயில இப்பவே புட்டுப்புட்டு வெக்கிற. நாளிக்கி வலையில மீனு வுழுமா வுழாதா, அத்த சொல்லேன் மொதல்ல."

கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ரகுபதி தன் பங்குக்கு ஒன்று போட்டார்.

"வுடு மங்கம்மா, பேஜாரு பண்ணாத. அவனுக்கு ஏசி ரூம்ல குந்திகினு வேர்க்குது."

மறுபடி சிரிப்பு. சின்னம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு வெளியே வந்து என் கன்னத்தைத் தட்டி, சாப்பிட்டுவிட்டுப் போ என்று வஞ்சிர வறுவலும் போட்டாள். நான் சாப்பிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பாமர ஜனங்கள், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதையும் செய்யவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்துவிடுங்கள்.

பிறகு ஒரு திட்டம் கிடைத்தது. என் மாதிரியை அன்றாடத்துக்கும் ஓட்டலாம். விடியற்காலையில் ஓட்டினால் அன்றைய மதியம் எந்தக் குப்பத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடும். வெப்பம் ஆபத்து எல்லையைத் தாண்டினால் பத்தரை மணிக்குள் என் கைபேசியிலிருந்து நான்கு குப்பங்களுக்கும் குரல் செய்தி போகும். செய்தி வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, புயல் காப்பகக் கட்டடத்தைத் திறந்து, மின்விசிறியின் கீழே தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு போகலாம். அவ்வளவுதான் திட்டம். கொட்டகைகளிலும் சில வீடுகளிலும் வெப்பத்தை அளக்கச் சின்னக் கருவிகள் மாட்டினேன்.

முதல் கோடையில் ஒருத்தரும் மதிக்கவில்லை. செய்தி வந்த ஒரு நாளில், என் குரலைக் கிண்டல் செய்துகொண்டே ரகுபதி மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பகல் ஒரு மணிக்குக் குப்புற விழுந்தார். அவரைப் பிழைக்கவைத்துக் கொண்டுவர ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பிடித்தது. அதோடு ஊர் மாறிவிட்டது. தலைகீழாக என்றே சொல்லலாம். எங்கள் ஜனங்கள் ஒன்று நம்ப மாட்டார்கள், நம்பினால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள், நடுவில் நிற்கத் தெரியாது.

அதிலும் சின்னம்மா. அவள் வேலை பார்த்தது ஷிபினுடைய கொட்டகையில். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இறால் வாங்கி அனுப்பும் பிள்ளை, வம்பு தும்பு இல்லாதவன். கொட்டகை முழுக்கத் தகரம். பெண்கள் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் உரிப்பார்கள், தலைக்கு ஒரு முழம் மேலே தகரம் கொதிக்கும். கை சில்லென்று இருப்பதால் உடம்பு சுடுவது சீக்கிரம் தெரியாது. இதைக் கருவி சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன். செய்தி வந்ததும் சின்னம்மா போனை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் கேட்கவைப்பாள்.

"எங்க அக்கா புள்ள சொல்ட்டான். எய்ந்திரிங்கடி. அவன் சொன்னா சொன்னதுதான், சூரியனே கேட்டுக்கும்."

ஷிபினும் ஒத்துக்கொண்டான். "செய்தி வந்தா பூட்டிப் போடுவேன், வரலேன்னா உரிக்கணும். அதுல ரெண்டு பேச்சு கிடையாது" என்றான். நியாயம்தானே. நாளாக ஆக, தலைசுற்றினாலும் வாந்தி வந்தாலும், செய்தி வராவிட்டால் ஒன்றுமில்லை என்று அவர்களே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். தன் உடம்பை விட்டுவிட்டு என் போனைப் பார்த்தார்கள். நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது கோடை முழுக்க நான்கு குப்பத்திலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோடை எவ்வளவு கொடியது என்று உங்களுக்கே நினைவிருக்கும். நான் விவரங்களை அடுக்கிக்கொண்டு ராமசெல்வியிடம் போனேன். அவர் மனப்பூர்வமாகப் பாராட்டினார். பாராட்டிவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப நல்லது ஜெகதீசன். ஆனா பாருங்க, இவ்வளவு வெயில்லயும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. கமிட்டியில என்ன சொல்லுவாங்க? அந்த ஜனங்க வெயிலுக்குப் பழகுனவங்க, தாங்கிக்கிடுவாங்கன்னுதான் சொல்லுவாங்க. உங்க மாடல் காட்டுற ஆபத்து மிகைன்னு இது இன்னும் உறுதிப்படுத்துதுல்லா?"

இதை நீங்கள் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார்க்க வேண்டும். நான் காப்பாற்றிய ஒவ்வொருவரும் எனக்கு எதிரான சாட்சியாக ஆகிப்போனார்கள். செத்திருந்தால் நான் சொன்னது சரி. சாகாததால் தப்பு. கடற்கரையைத் தோண்டித் துறைமுகம் கட்டுகிறவனும், அடுத்த முப்பது வருடத்துக்கு இங்கே தகரக் குடியிருப்பு போதும் என்று கையெழுத்துப் போடுகிறவனும், நீலம் பூசிய வரைபடத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். என் சிவப்பு வரைபடம் யார் மேஜையிலும் இல்லை. காரணம், எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை. அன்றைக்கு அவர் அறையில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அவ்வளவு கோபத்திலும் மனம் அமைதியாக இருந்தது ஆச்சரியம்தான்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுப்பார்கள். மாவு மாத்திரை கொடுத்தவரை யாரும் கொலைகாரன் என்று சொல்வதில்லை. அப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் உலகத்தில் எந்த உண்மையும் நிற்காது. என்னிடம் நான்கு குப்பங்கள் இருந்தன, ஒரே மணல், ஒரே தகரம், ஒரே வேலை. மூன்றுக்குச் செய்தி போக வேண்டும், ஒன்றுக்குப் போகக் கூடாது. இவ்வளவுதான் நான் செய்தது.

எந்த ஒன்று என்பதில்தான் நீங்கள் என்னை வேறு மாதிரிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டீர்கள். மற்ற மூன்றில் ஒன்றை எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? மேட்டுக்குப்பத்தான் தன் ஜனத்தைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்த குப்பத்தானைச் சாகவிட்டான் என்பார்கள். வலைத் தகராறில் தொடங்கி வெட்டுக்குத்து வரை போயிருக்கும். சொந்த ஊரை எடுத்ததால் என்மேல் பாரபட்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் நான் நேர்மையாகவே நடந்துகொண்டேன். அந்த ஊர்தான் என்னைப் பார்த்துச் சிரித்தது என்பது தற்செயல்.

இந்தக் கோடையில் அப்படிப்பட்ட நாளுக்காகக் காத்திருந்தேன். கத்திரி வெயில் பிறந்து சில நாள் கழித்து வந்தது. விடியற்காலையில் கணக்கைப் பார்த்தேன். எல்லை எப்போதோ தாண்டியிருந்தது. மூன்று குப்பங்களுக்குச் செய்தி அனுப்பினேன். மேட்டுக்குப்பத்துக்கு அனுப்பவில்லை. பிறகு இட்லி சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போனேன்.

நண்பகலுக்குச் சற்று முன்னால் சின்னம்மா கூப்பிட்டாள்.

"நைனா, மெசேஜே வர்ல. போனு கெட்டுப்பூட்ச்சா?"

"போன் நல்லாதான் கீது சின்னம்மா. இன்னிக்கி ஒண்ணும் இல்ல."

"பக்கத்துக் குப்பத்துல மூடிட்டாங்கன்றாளுங்க."

"அது அவங்களுக்கு. நம்ம பக்கம் காத்து வந்துடும்."

"தலை கிறுகிறுன்னு சுத்துதுடா. கண்ணு வேற மங்கலா கீது."

"தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாரு."

"சர்தான். நீ சொன்னா சர்தான்" என்று வைத்துவிட்டாள்.

அந்த அழைப்பைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் இடத்தில் ஆராய்கிறவன் எந்த வகையிலும் தலையிடக் கூடாது. நான் போனை எடுத்திருக்கவே கூடாது, அடிக்கவிட்டிருக்க வேண்டும். எடுத்து, இல்லை என்று சொன்னதால் சோதனையின் தூய்மை கொஞ்சம் கெட்டுவிட்டது. இதை எந்த ஆய்விதழும் சுட்டிக்காட்டும். அந்த ஓர் இடத்தில் நான் தவறிவிட்டேன்.

பிறகு திரையில் கொட்டகைக் கருவியின் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாதிரி காலையில் வரைந்த கோடும், கருவி வரைந்த கோடும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று போயின. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. ஷிபின் போன் செய்து, அண்ணே சின்னம்மா விழுந்துட்டாங்க என்று கத்தியபோது, அந்தக் கோட்டின் உச்சியில்தான் என் விரல் இருந்தது.

அன்று செய்தி போன மூன்று குப்பங்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எங்கள் குப்பத்தில் மங்கம்மா செத்தாள், கூட வேலை செய்த இரண்டு பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினார்கள். இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடையாது. சிறு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், கல்லூரிக் காலத்தில் சோறு போட்டதும் அவள்தான் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அது கணக்கைப் பாதிக்காது.

நான் போனபோது அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மகள் வினிதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"காத்தால இருந்து போனையே பாத்துகினு இருந்திச்சிண்ணா. சோறு எட்த்துகினு போனப்ப, எய்ந்து வந்துரும்மான்னு நானும் சொன்னேன். மெசேஜ் வர்லடி, அண்ணன் இல்லன்ட்டான், சும்மா கெடன்னு சொல்லிச்சி. ஏண்ணா வர்ல? ஏன் இல்லன்னு சொன்ன?"

கருவியில் கோளாறு என்றேன். அவள் நம்பினாள். என் மார்பிலேயே அடித்து அழுதுவிட்டு, என்மேலேயே சாய்ந்துகொண்டாள். அதற்குள் யாரோ ஒரு டாக்டர் வந்து, வயது ஐம்பத்தாறு, சர்க்கரை உண்டு என்று கேட்டுக்கொண்டு, மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டார். வெயில் டாக்டர், வெயில் என்று நான் எவ்வளவோ சொன்னேன். இங்கே எல்லாருக்கும் வெயில்தான் சார் என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் இரண்டு கோடையையும், ஒரு சாவையும் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல் இருந்தது. மாலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இனித் தோண்டி எடுத்தாலும் வெயில் இருந்த அடையாளம் கிடைக்காது. என் வாக்குமூலம் ஒன்றுதான் மிச்சம். உயிருக்கு மரியாதை வேண்டாமா? அவள் எதற்காகச் செத்தாளோ அதுவாவது சரியாக எழுதப்பட வேண்டாமா?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கருவியின் கோட்டையும் சாவையும் ராமசெல்விக்கு அனுப்பிவைத்தேன். செய்தி போகாததைப் பற்றிச் சொல்லவில்லை, கோளாறு என்றுதான் அவருக்கும் சொன்னேன். உடனே கூப்பிட்டு அழுதார். அழுது முடித்துவிட்டுச் சொன்னார், "ஆனா ஜெகதீசன், ஒருத்தங்கள வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுல்லா." அதையும் நான் கோபமாகத்தான் கேட்டேன். ஆனால் அவர் சொன்னது சரி. ஒரு சாவு தற்செயலாக இருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வினிதா மூன்றாம் நாளே தாய் உட்கார்ந்த பலகையில் போய் உட்கார்ந்துவிட்டாள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. போகுமுன் என்னிடம் வந்து, இனிமேல் கருவி கெட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். கேட்டது நியாயம். அதனால் தினமும் காலையில் நான்கு குப்பத்துக்கும் வெறும் வணக்கம் என்று ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன். வணக்கம் வந்தால் கருவி ஒழுங்காக இருக்கிறது. அதன்பிறகு வேறு எதுவும் வராவிட்டால் அன்று வெயிலால் பயமில்லை, தைரியமாக உரிக்கலாம். சின்னம்மா போன பிறகு அவர்கள் முன்னைவிட அதிகமாக நம்புகிறார்கள்.

இன்று காலை இங்கே வரும் வழியில் ஷேர் ஆட்டோவிலிருந்தே வணக்கம் அனுப்பிவிட்டேன். இன்றைய கணக்கு சின்னம்மா செத்த அன்று இருந்ததைவிட மேலே நிற்கிறது. நான்கு குப்பத்துக்கும் எச்சரிக்கைச் செய்தியைப் பேசி, பதிவு செய்து, தயாராகவே வைத்திருந்தேன். அதை அனுப்புவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை, கடவுள் சத்தியம். அதற்குள் ஏட்டு லோகநாதன் வாசலிலேயே என் கைபேசியை வாங்கி உங்கள் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இங்கே அதுதான் வழக்கம் என்றார். வழக்கத்தை நான் மதிக்கிறவன், ஒன்றும் சொல்லவில்லை. அப்போது மணி பத்து. இப்போது ஒன்றரை ஆகிறது. இத்தனை நேரம் நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள், நானும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

சாவியைத் தேட வேண்டாம் மேடம், அதை எடுத்துக்கொண்டு ஏட்டு சாப்பிடப் போயிருக்கிறார். உட்காருங்கள். போன வாரம் செய்தியை நிறுத்தியது நான், அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்று நிறுத்தியது நான் இல்லை. அதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.